பந்தைக் கொஞ்சம் ஓரமா வைங்க தம்பி

நாளிதழ்களின் மாவட்டப் பக்கங்களை மட்டும் ஆதாரமாக வைத்துக்கொண்டு, இன்னும் நூறு வருடம் கழித்து ஒருவர் கடலூர் மாவட்டத்தின் கால்பந்து வரலாற்றை எழுத உட்கார்ந்தால் அவருக்குச் சிரமமே இருக்காது. கால்பந்து என்பது, வேட்டி கட்டிய நடுவயது ஆண்கள், அசையாமல் கிடக்கும் பந்து ஒன்றை ஒரே ஒரு முறை உதைத்துவிட்டுச் சால்வை வாங்கிக்கொள்ளும் சடங்கு என்று முதல் பத்தியிலேயே எழுதிவிடுவார். இரண்டு அணிகள் உண்டு. ஒன்று மேடையில் நிற்கும் அணி, இன்னொன்று அந்த அணியின் தோள்களுக்கு இடையே எட்டிப் பார்க்கும் அணி. கோல் கம்பம் உண்டு, அது பேனர் கட்டுவதற்கு. ஆட்டத்தின் உச்சகட்டம் ஒரு கோப்பையை ஏழெட்டுப் பேர் சேர்ந்து பிடித்துக்கொண்டு நேராகப் பார்ப்பது. ஓரத்தில் ஜெர்சி போட்ட பையன் ஒருவன் பாதி முகத்தோடு நிற்பான். கோப்பையைத் தூக்கிவந்த கூலியாளாக இருக்கலாம் என்று அடிக்குறிப்பு போடுவார்.

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. பத்திரிகை காட்டியது அவ்வளவுதான்.

தம்பி, நீதான் அந்த வரலாற்றாசிரியரைக் குழப்பப் பார்க்கிறாய். சேத்தியாத்தோப்பு குறுக்கு ரோட்டில் ஒரு ஸ்டுடியோவில் வேலை பார்க்கிறாய். முகூர்த்த நாளில் கல்யாணம், மற்ற நாளில் காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, பாஸ்போர்ட் சைஸ். கேமரா தவணையில் வாங்கியது. ஞாயிற்றுக்கிழமை கல்யாணம் இல்லையென்றால் மைதானத்துக்குப் போய், கோல் கம்பத்துக்குப் பின்னால் ஈரத்தரையில் குப்புறப் படுத்துக்கொள்கிறாய். புவனகிரிப் பையன் உதைத்த கார்னரை ஸ்ரீமுஷ்ணத்துப் பையன் எகிறி நெற்றியில் வாங்குகிறான். பந்து நெற்றியில் பட்டு நசுங்குகிறது, சேறு தெறிக்கிறது, பின்னால் கோல்கீப்பரின் வாய் திறந்தபடி இருக்கிறது. அந்த இமைப்பொழுதை, யாரும் சொல்லிக்கொடுக்காமல், நீ பிடித்திருக்கிறாய்.

பிடித்துவிட்டு நிருபருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினாய். இரண்டு நீலக் கோடு விழுந்தது. பதிலும் வந்தது: "படம் சூப்பர் தம்பி. தலைவர் நிக்கிற மாதிரி ஒண்ணு அனுப்பு. அஞ்சு மணிக்குள்ள வேணும்."

உனக்குக் கோபம் வந்ததாகக் கேள்விப்பட்டேன். கோபம் எதற்கு? தொழில் தெரியாததற்கு நீதான் வெட்கப்பட வேண்டும். தெரியாததைச் சொல்லித்தருகிறேன், கேட்டுக்கொள்.

லென்ஸிலிருந்து ஆரம்பிப்போம். விளையாட்டுக்குத் தூரத்தை இழுக்கிற லென்ஸ் வேண்டும், நல்லது ஒன்று வாங்க லட்சத்தைத் தாண்டும் என்று யாரோ உன்னிடம் சொல்லியிருக்கிறார்கள். வாங்கிவிடாதே. கால்பந்து ஆடுகிறவர்கள்தான் தூரத்தில் ஓடுவார்கள்; பத்திரிகைக்கு வேண்டியவர்கள் உன் மூக்குக்கு நேரே வந்து நிற்பார்கள். உனக்கு வேண்டியது அகல லென்ஸ். இருபது பேர் அடங்க வேண்டும். இருபதாவது ஆள் வெட்டுப்பட்டால் ராத்திரி உன் வீட்டு வாசலில் பைக் நிற்கும். ஓடுகிற காலை உறைய வைக்க ஆயிரத்தில் ஒரு பங்கு வினாடி வேண்டும் என்றும் படித்திருப்பாய். தலைவரின் கால் அவ்வளவு அவசரப்படுவதில்லை. அறுபதில் ஒரு பங்கு தாராளம்.

தலைவர் பந்தை உதைக்கும் படம்தான் இந்தத் தொழிலின் பாலபாடம். இடது கையில் வேட்டி நுனி, வலது கை காற்றில், கால் செருப்போடு. செருப்பு பறந்துவிட்டால் அந்தப் படத்தை உடனே அழித்துவிடு. பந்து பறக்காவிட்டால் பாதகமில்லை. சரியாக அமையவில்லையா, "அண்ணே, இன்னொரு தடவை" என்று கேட்கலாம். பெலேவுக்கும் கிடைக்காத சலுகை இது. உதை தவறினால் படம் வரும்வரை உதைத்துக்கொண்டே இருக்கலாம். கோல்கீப்பர் பையன் விவரம் இல்லாதவனாக இருந்து பந்தைப் பிடித்துத் தொலைத்துவிட்டால், அவனை ஓரமாகக் கூட்டிப்போய் நிலைமையை விளக்குவதும் உன் பொறுப்பு.

அடுத்தது அறிமுகம். இரண்டு வரிசையாகப் பையன்கள் நிற்பார்கள், தலைவர் கைகுலுக்கிக்கொண்டே போவார். முதல் கையோடு உன் வேலை முடிந்தது. கைக்குச் சொந்தக்காரன் யார் என்பதில் உனக்கென்ன வந்தது? அவன் முழங்கைவரை வந்தால் போதும், மற்றதை டெஸ்க்கில் வெட்டிவிடுவார்கள். பரிசளிப்பில் மட்டும் கொஞ்சம் கவனம் வேண்டும். கதவு அளவுக்கு ஒரு செக் அட்டை வரும். அதில் தொகையைவிடக் கொடுத்தவர் பெயர் பெரிதாக இருக்கும். அட்டையை ஜெயித்த கேப்டன் பிடித்தால் அவன் முகத்தை அதுவே மறைத்துவிடும். எப்படி நிற்க வைப்பது என்று நீ மண்டையை உடைத்துக்கொள்ளத் தேவையே இல்லை.

படத்துக்குக் கீழே வரும் செய்தியையும் ஒருமுறை ஊன்றிப் படித்துப் பார். போட்டியைத் தொடங்கி வைத்தவர், முன்னிலை வகித்தவர், வரவேற்றவர், வாழ்த்திப் பேசியவர்கள், பந்து வாங்கிக் கொடுத்தவர், தண்ணீர்ப் பாக்கெட் வழங்கியவர், ஒன்றியம், நகரம், கிளை, வார்டு என்று ஒரு ஆள் விடாமல் பெயர் இருக்கும். கடைசியில் 'உள்ளிட்ட பலர் கலந்துகொண்டனர்'. அந்தப் பலரில்தான் ஆடிய இருபத்திரண்டு பேரும் அடக்கம். முடிவில் யார் நன்றி கூறினார் என்பது இருக்கும். முடிவு என்ன என்பது இருக்காது. எத்தனை கோல், யார் போட்டான், எத்தனையாவது நிமிடம் என்று கேட்டு டெஸ்க்குக்குப் போன் செய்துவிடாதே. புத்தி சரியில்லை என்று நினைப்பார்கள்.

1986 ஜூன் 22 அன்று மெக்சிகோ நகரத்தின் அஸ்டெகா மைதானத்தில் மரடோனா கையால் தட்டிக் கோல் போட்டார். நடுவர் கண்ணுக்குப் படாத அந்தக் கை, மைதான ஓரத்தில் உட்கார்ந்திருந்த புகைப்படக்காரர்களின் கேமராவில் பட்டது. அதனால்தான் நாற்பது வருடமாக உலகம் அதைப் பேசிக்கொண்டிருக்கிறது. அதே ஆட்டம் நம் மாவட்டப் பக்கத்தில் வந்திருந்தால் தெரிந்திருக்கும் ஒரே கை, ரிப்பன் வெட்டியவருடைய கை.

இதெல்லாம் சேத்தியாத்தோப்பின் பட்டிக்காட்டுத்தனம் என்று சென்னையில் யாராவது சிரித்தால், அவரைக் கொல்கத்தாவுக்கு அனுப்பிவை. டூரண்ட் கோப்பை 1888-ல் தொடங்கியது, ஆசியாவிலேயே மிகப் பழைய கால்பந்துப் போட்டி. 2022 செப்டம்பர் 18, சால்ட் லேக் மைதானத்தில் இறுதியாட்டம். பெங்களூரு எஃப்சி, மும்பை சிட்டியை 2-1 என்று வென்றது. (பார், ஸ்கோர் எழுத இவ்வளவு இடம்தான் பிடிக்கிறது.) கோப்பையை வாங்கக் கேப்டன் சுனில் சேத்ரி வருகிறார். இந்தியாவுக்காக இவரைவிட அதிகக் கோல் போட்ட ஆண் கிடையாது. கோப்பையைக் கொடுக்க வந்தவர் இல. கணேசன், நம் தஞ்சாவூர்க்காரர். மணிப்பூர் ஆளுநராக இருந்துகொண்டு மேற்கு வங்கத்தையும் கூடுதலாகக் கவனித்துவந்தார். கேமராவுக்கும் தனக்கும் நடுவில் ஒருவர் நிற்பது தெரிந்ததும், அந்த ஒருவர் ஜெயித்த கேப்டன் என்பதைப் பார்க்காமல், கையால் ஒதுக்கிவிட்டார். அதே மேடையில் இன்னொரு பிரமுகர், இறுதியாட்டத்தின் முதல் கோலைப் போட்ட சிவசக்தி நாராயணனை நகர்த்திவிட்டுத் தான் முன்னால் வந்தார். சிவசக்தி யார்? காரைக்குடிப் பக்கத்துப் பையன்.

ஆக, நாட்டின் மிகப் பழைய கோப்பையின் மேடையில், தள்ளிய கைகளில் ஒன்று தமிழ்க் கை, தள்ளப்பட்ட தோள்களில் ஒன்று தமிழ்த் தோள். நம் மாவட்டப் பக்கத்தின் பண்பாடு இவ்வளவு தூரம் போய்ச் சேர்ந்திருக்கிறதே என்று நாம் பெருமைப்பட வேண்டாமா?

காணொளி பரவியது, நாடு சிரித்தது. இல. கணேசன் 2025 ஆகஸ்டில் காலமாகிவிட்டார். அவரைச் சபைக்கு இழுப்பதில் எனக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. அது ஒருவருடைய கை மட்டும் என்றால் அன்றைக்கே மறந்திருக்கலாம். "சார், கொஞ்சம் முன்னாடி வாங்க", "தம்பி, நீ கொஞ்சம் தள்ளு" என்று வார்டு கூட்டத்திலிருந்து ராஜ்பவன் வரை படம் எடுத்தவர்கள் சொல்லிச் சொல்லி, அதை அச்சடித்தவர்கள் அச்சடித்து அச்சடித்துப் பழக்கிவைத்த கை அது. தஞ்சாவூரில் பழக்கினோமா, சேத்தியாத்தோப்பில் பழக்கினோமா என்பதெல்லாம் ஒரே பஸ் ரூட்.

மூன்று வருடம் கழித்து, 2025 டிசம்பர் 13, அதே மைதானத்துக்கு மெஸ்ஸி வந்தார். ஆயிரக்கணக்கில் கொடுத்து டிக்கெட் வாங்கிய ஜனம் கேலரியில் உட்கார்ந்திருந்தது. அவரைச் சுற்றி அரசியல்வாதிகளும் பிரபலங்களும் செல்போனோடு மொய்த்துக்கொண்டார்கள். காசு கொடுத்தவன் பார்த்தது பிரமுகர்களின் முதுகை. அரை மணி நேரம்கூட ஆகவில்லை, மெஸ்ஸி கிளம்பிப் போய்விட்டார். பாட்டில் பறந்தது, நாற்காலி பறந்தது. மாநில முதல்வர் மன்னிப்புக் கேட்டார், ஏற்பாட்டாளர் கைதானார். நம்மூர் ஜனம் எவ்வளவோ மேல். நாற்காலியை வீசமாட்டார்கள், வாடகை நாற்காலி, ஒன்று உடைந்தாலும் யார் தலையில் விழும் என்று தெரியும்.

சரி, பிழைப்புக்கு வருவோம்.

அந்த நாளிதழையே திருப்பி விளையாட்டுப் பக்கத்தைப் பார். மான்செஸ்டர், மாட்ரிட். அங்கே மட்டும் காலில் பந்து இருக்கிறது, நெற்றியில் வேர்வை இருக்கிறது, புல் பறக்கிறது. கோட்டு போட்ட தலைவர் ஒருவரையும் காணோம். கீழே சின்ன எழுத்தில் ஏஜென்சியின் பெயர். அந்தப் படத்துக்குச் சந்தா கட்டுகிறார்கள், தம்பி. பெயர் போடாவிட்டால் நோட்டீஸ் வரும், அதனால் பெயரும் போடுகிறார்கள். எட்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் உதைத்த பந்துக்குக் காசும் பெயரும் உண்டு. எட்டாவது கிலோமீட்டரில் உதைத்த பந்துக்கு 'நமது நிருபர்'. உள்ளூர் ஆட்டத்தை வாசகர் விரும்புவதில்லை என்று காரணம் சொல்வார்கள். எந்த வாசகரைக் கேட்டார்கள்? ஒரு பையன் படம் வந்தால் அவன் தெருவே பேப்பர் வாங்கும். அவனுடைய பாட்டி அதை மடித்துப் பீரோவில் வைப்பாள். தலைவர் படத்தை யார் வீட்டுப் பீரோவில் வைத்திருக்கிறார்கள்? தலைவர் வீட்டிலேயே வைக்கமாட்டார்கள், தினமும் வருகிறதே.

உனக்கு என்ன கிடைக்கும் என்று கேட்டாய். "பேர் போடறோம் தம்பி" என்பது கிடைக்கும். பேர் வராத அன்றைக்கு "டெஸ்க்ல எடுத்துட்டாங்க" என்பது கிடைக்கும். "உனக்கு ஒரு எக்ஸ்போஷர்தானே" என்பது படித்தவர்கள் தரும் கூலி. ஃபிலிம் காலத்தில் முப்பத்தாறு படம் எடுத்து, கழுவி, பிரிண்ட் போட்டு, கவரில் வைத்து, பஸ் கண்டக்டர் கையைப் பிடித்துக் கெஞ்சி அனுப்ப வேண்டும். அப்போதும் யாரும் அள்ளிக் கொடுத்துவிடவில்லை. ஆனால் ரோலுக்குக் காசு ஆகும், பேப்பருக்குக் காசு ஆகும் என்பது கண்ணுக்குத் தெரிந்த செலவு, கேட்கவாவது வாய் இருந்தது. டிஜிட்டல் வந்து அதையும் சுத்தம் செய்தது. ஃபிலிம் இல்லை, எனவே செலவு இல்லை. செலவு இல்லை, எனவே உழைப்பும் இல்லை. உன் கேமராத் தவணையும், பெட்ரோலும், நீ ஈரத்தில் படுத்துக் கிடந்த ஞாயிற்றுக்கிழமையும் எந்தக் கணக்கிலும் வராது.

இருப்பதை வெளியூருக்கு அள்ளிக் கொடுப்பது இந்த ஊருக்குப் புதிதில்லை என்று யாராவது தத்துவம் பேசுவார்கள். 2004-லிருந்து வீராணம் தண்ணீர் இங்கிருந்துதான் குழாய் ஏறிச் சென்னைக்குப் போகிறது. இருநூறு கிலோமீட்டருக்கு மேல். ஆனால் தண்ணீரைக்கூட அவர்கள் மோட்டார் வைத்து இழுக்க வேண்டியிருக்கிறது, கரண்ட் பில் கட்ட வேண்டியிருக்கிறது. நீ உன் டேட்டாவைப் போட்டு, நீயே ஏற்றி, நீயே தள்ளி, "வந்துச்சா சார்?" என்று வேறு கேட்கிறாய். கரும்பை வெட்டி ஆலைக்கு ஏற்றிவிட்டு நிலுவைக்காக நடையாய் நடக்கும் விவசாயியிடம்கூட எத்தனை டன் என்று ஒரு சீட்டு இருக்கிறது. உன்னிடம் இருப்பது இரண்டு நீலக் கோடு.

சட்டம்? அது முழுக்க உன் பக்கம். அதுதான் பெரிய வேடிக்கை. 1957-ஆம் வருடத்துப் பதிப்புரிமைச் சட்டப்படி ஒரு புகைப்படத்தின் ஆசிரியர், அதை எடுத்தவர். பத்திரிகையில் சம்பளத்துக்கு இருப்பவர் எடுத்தால், பத்திரிகையில் போடுகிற உரிமை முதலாளிக்கு. யாராவது காசு கொடுத்து எடுக்கச் சொல்லியிருந்தால், உரிமை காசு கொடுத்தவருக்கு. நீ சம்பளக்காரனும் இல்லை, உனக்கு ஒருவரும் ஒரு ரூபாய் கொடுத்ததும் இல்லை. ஆகவே உரிமை உனக்கே. அவர்களுடைய கஞ்சத்தனம் உன்னை முதலாளி ஆக்கி வைத்திருக்கிறது! இந்தப் படம் நான் எடுத்தது என்று சொல்லிக்கொள்ளும் உரிமையை அதே சட்டத்தின் 57-ஆவது பிரிவு தனியாகவும் கொடுக்கிறது. 2012-ல் திருத்தம் வேறு செய்தார்கள். நீ இருக்கும்வரை உன்னுடையது, போன பிறகும் 60 வருடம் உன் வாரிசுகளுடையது. கோர்ட்டுக்குப் போக நினைத்தால் கடலூருக்குப் பஸ் இருக்கிறது. நீ போகமாட்டாய் என்பது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும், டெஸ்க்குக்கு நம் இருவரையும்விட நன்றாகத் தெரியும். ஒரு வரி மெசேஜில் "சார், பேர் போடுங்க" என்று கேட்டதற்கே உன் படம் மூன்று வாரம் வரவில்லை என்றால், நோட்டீஸ் அனுப்பினால் என்ன ஆகும்? வேறொரு தம்பி கேமரா வாங்குவான். அவ்வளவுதான் ஆகும்.

நிருபரைத் திட்டாதே. அந்த அண்ணன் நிலைமை உன்னைவிட மோசம். 1955-ல் வந்த உழைக்கும் பத்திரிகையாளர் சட்டம், செய்திப் புகைப்படக்காரரையும் பத்திரிகையாளர் என்றே சேர்த்தது. பின்னால் செய்த திருத்தத்தில் பகுதி நேரக்காரரும் அதற்குள் வந்தார். மஜீதியா ஊதியக் குழுவின் பரிந்துரையை அரசு 2011-ல் அறிவித்தது, செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2014 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. டெல்லியில் சட்டம், டெல்லியில் குழு, டெல்லியில் தீர்ப்பு. இங்கே கழுத்தில் அடையாள அட்டை மட்டும். சம்பளப் பட்டியலில் இடமில்லாத சிறுநகரத்து நிருபர் எதில் வாழ்வார்? விளம்பரக் கமிஷனில். தலைவர் பிறந்தநாளுக்கு வாழ்த்து விளம்பரம், பத்திரிகையின் ஆண்டுவிழா மலருக்கு வாழ்த்து விளம்பரம், தீபாவளி மலருக்கு வாழ்த்து விளம்பரம். மேலிருந்து மாதாமாதம் இலக்கு வரும். அந்த விளம்பரத்தை யார் கொடுப்பார்? ஸ்ரீமுஷ்ணத்துப் பையனின் நெற்றி கொடுக்குமா?

இப்போது புரிகிறதா, உன் படம் ஏன் நிற்காது என்று? தலைவர் பந்தை உதைக்கிற படத்தைச் செய்தி என்று நினைத்தால் ஏமாறுவாய். அது ரசீது. விளம்பரத்துக்குக் காசு கொடுத்தவருக்கும், கொடுக்கப்போகிறவருக்கும், கொடுக்காமல் போய்விடக்கூடாதவருக்கும் செய்திப் பக்கத்தில் கிழித்துத் தரும் ரசீது. நீ என்னடா என்றால், ரசீதுப் புத்தகத்தில் ஒரு நல்ல படத்தை ஒட்டப் பார்க்கிறாய்.

இதில் முதலாளிகளுக்கு மேல்நாட்டுப் படிப்பினை ஒன்றும் தேவைப்படவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். 2013 மே 30 அன்று 'சிகாகோ சன் டைம்ஸ்' தன்னிடமிருந்த 28 புகைப்படக்காரர்களையும் ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பியது. புலிட்சர் பரிசு வாங்கிய ஜான் ஒயிட்டும் அதில் ஒருவர். செய்தியாளர்கள் ஐபோனில் எடுத்துக்கொள்ளட்டும் என்றார்கள். உலகமே கொதித்தது. நம்மூர் நிர்வாகத்தினர் பேப்பரைப் படித்துவிட்டுச் சிரித்திருப்பார்கள். இருபத்தெட்டுப் பேரை வைத்திருந்தால்தானே நீக்கும் தலைவலி? சிறுநகரத்துக்கு ஒரு புகைப்படக்காரரை வேலைக்கே வைக்காமல், அத்தனை வருடமும் பக்கத்துக்குப் பக்கம் படம் போட்டவர்கள் நாம். இந்த விஷயத்தில் சிகாகோ நமக்குச் சிஷ்யன்.

இவ்வளவு நேரம் உன்னிடம் வேடிக்கை பேசினேன். இந்துமதியைப் பற்றிப் பேசும்போது எனக்கு வேடிக்கை வருவதில்லை.

இந்துமதி கதிரேசன் கடலூர்க்காரர். நம் மாவட்டம். 2004 டிசம்பரில் சுனாமி கடலூர்க் கரையை வாரிக்கொண்டு போன பிறகு, பாதிக்கப்பட்ட குடும்பத்துப் பெண்பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு அங்கே பயிற்சியாளர் மாரியப்பன் பந்து உதைக்கச் சொல்லிக்கொடுத்தார். கடலூரிலிருந்து தமிழ்நாட்டு அணிக்கும் இந்திய அணிக்கும் ஆட்டக்காரிகள் போனார்கள். 2018 பிப்ரவரியில், கட்டாக்கில், தேசிய மகளிர் சாம்பியன்ஷிப் இறுதியாட்டத்தில் தமிழ்நாடு மணிப்பூரை 2-1 என்று வென்று முதல் முறையாகப் பட்டம் வாங்கியது. இந்துமதி அந்த அணியில் ஆடினார். அடுத்த வருடம் லூதியானாவில் சேது எஃப்சி இந்தியப் பெண்கள் லீக்கை வென்றபோதும் ஆடினார். இந்தியாவுக்கு ஆடினார். தமிழ்நாடு காவல்துறையில் எஸ்.ஐ. ஆனார், 2020 ஊரடங்கில் சென்னைத் தெருவில் காக்கிச் சட்டையோடு நின்று வேலை பார்த்தார். 2023-ல் அமிர்தசரஸில் அரியானாவை வென்று தமிழ்நாடு இரண்டாவது முறையும் பட்டம் வாங்கியது. இரண்டு தேசியப் பட்டம், தம்பி. ஆண்கள் சந்தோஷ் டிராபிக்குப் போய்விட்டு வந்தாலே பஸ் ஸ்டாண்டில் பேனர் கட்டுகிற மாநிலம் இது.

இந்த மாதிரி ஒரு பிள்ளை இன்றைக்குப் பன்னிரண்டு வயதில் ஏதோ ஒரு பள்ளி மைதானத்தில், அண்ணனுடைய தொளதொளத்த டிராயரில் ஓடிக்கொண்டிருக்கிறாள். சேத்தியாத்தோப்பிலேயே இருக்கலாம். அவளை ஒரு படம் எடுக்க இந்த மாவட்டத்தில் எந்தப் பத்திரிகைக்கும் ஆள் இல்லை. நீ ஒருவன்தான் இருக்கிறாய். நீ எடுத்து அனுப்புவாய், தலைவர் இருக்கிற படம் கேட்பார்கள். பள்ளி விளையாட்டு விழாவன்று அவள் கோப்பை வாங்குவாள். பேப்பரில் கோப்பை வரும், கொடுத்தவர் வருவார், முன்னிலை வகித்தவர் வருவார், அவளுடைய ரிப்பன் கட்டிய சடைநுனி வரும். பெண்பிள்ளை கால் தெரிகிற மாதிரிப் படம் வேண்டாம் என்று ஒரு புண்ணியவான் சொல்வார். கால்பந்து ஆடும் பிள்ளைக்குக் கால் தெரியாமல் வேறு என்ன தெரியும்? கபடி ஆடும் பையனின் தொடையைப் பாதிப் பக்கத்துக்குப் போட்ட அதே கை, இவள் முழங்காலைக் கண்டு நடுங்கும். வருடம் போகும். அவளுக்குப் பூட்ஸ் வாங்க ஊரில் ஒருவருக்கும் கை வராது, ஏனென்றால் அவள் ஆடுகிறாள் என்பதே ஊருக்குத் தெரியாது. பேப்பரில் வந்திருந்தால் ஒரு டீக்கடைக்காரராவது ஐந்நூறு கொடுத்திருப்பார். அப்பா டிராயரைப் பிடுங்கி வைப்பார். பாதிப் பிள்ளைகளின் ஆட்டம் அங்கேயே முடியும். முடிந்தது என்பதற்கும் படம் இருக்காது.

எல்லாவற்றையும் மீறி ஒருத்தி இந்தியச் சட்டை போட்டுவிட்டாள் என்று வைத்துக்கொள். அன்று ராத்திரி ஒன்பது மணிக்கு உனக்குப் போன் வரும். உன் நம்பரை எப்படியோ தேடிப் பிடித்திருப்பார்கள், டெஸ்க்கிலிருந்தே பேசுவார்கள், 'சார்' என்றுகூடச் சொல்வார்கள். "சார், அந்தப் பொண்ணு ஸ்கூல்ல ஆடுன பழைய படம் இருக்குதாமே? ரொம்ப அர்ஜென்ட்." நீ அனுப்புவாய். எனக்குத் தெரியும், அனுப்பத்தான் செய்வாய். மறுநாள் அது முதல் பக்கத்தில், நாலு காலத்தில் வரும். பக்கத்திலேயே இனிப்பு ஊட்டும் தலைவர். உன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் கோப்புப்படம் என்று இருக்கும்.

ஆகவே, எடுப்பதை நிறுத்தாதே, அனுப்புவதை நிறுத்து என்பார்கள் சிலர். அவர்களுக்கு ஸ்டுடியோ இல்லை, மாதத் தவணை இல்லை, உள்ளூரில் பெயர் தெரிந்தால்தான் நாலு கல்யாண ஆர்டர் வரும் என்கிற கட்டாயம் இல்லை. நீ அனுப்பு. தலைவர் படம் பத்து அனுப்பு. பதினொன்றாவதாக நெற்றியில் பந்து நசுங்கிய படத்தையும் தவறாமல் அனுப்பு, ஒவ்வொரு வாரமும், மூலையில் உன் பெயரை வெட்ட முடியாத இடத்தில் பொறித்து, கீழே ஸ்கோரையும் கோல் போட்டவன் பெயரையும் அவன் வகுப்பையும் எழுதி. ஒவ்வொரு வாரமும் அதை நிராகரிக்கிற வேலையாவது அவர்களுக்கு இருக்கட்டும். ஆடிய பையன்களின் வீட்டுக்கு ஆளுக்கொரு பிரிண்ட் போட்டு, அடக்க விலைக்கு விற்றுவிடு. பீரோவில் வைக்கப் பாட்டிகள் இருக்கிறார்கள்.

வருகிற ஞாயிறு அரையிறுதி. தலைவர் நாலு மணிக்கு வந்து தொடங்கி வைப்பதாக நோட்டீஸ் போட்டிருக்கிறார்கள். விக்கிரவாண்டி ரோடு வேலை நடக்கிறது, வழியில் இரண்டு காதுகுத்து, ஒரு துக்கம். எப்படியும் ஆறரை ஆகும். பையன்கள் நாலு மணியிலிருந்து வரிசையில் நிற்பார்கள். ஆறரைக்கு வெளிச்சம் போய்விடும், பந்து எங்கே போகிறது என்று நடுவருக்கே தெரியாது. நீ ஃப்ளாஷுக்குப் பேட்டரி மட்டும் போட்டுக்கொண்டு வா. அவர் முகத்துக்கு அது போதும்.